நோன்பை விடச் சொல்வது யார்?

“உடம்புக்கு ஆகாதுன்னு டாக்டர் சொல்லட்டும் தம்பி. அப்படின்னா மார்க்கத்துல சலுகை இருக்குன்னு நான் சொல்றேன். ரெண்டையும் என் வாயாலேயே சொல்ல வைக்காதீங்க.”

மார்க்க அறிஞரான ஹஸ்ரத் சொன்னது இவ்வளவுதான். ரமலானுக்கு முந்தைய ஷஅபான் மாதம் பிறந்தாலே இந்தப் பேச்சு மனதில் ஓட ஆரம்பித்துவிடுகிறது.

இருதுருவ மனநோய்க்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுகிற ஒருவருக்காகத்தான் அவரிடம் போனோம். பகல் முழுக்கத் தண்ணீர் இல்லாமல் உடம்பில் நீர் குறைந்தால், சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் பிடித்துவைக்கும். ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்க வேண்டியது மேலே ஏறும். கை நடுக்கம், வாந்தி, பேதி, தள்ளாட்டம், நாக்குழறல். வீட்டில் இதை நோன்புச் சோர்வு என்று விட்டுவிடுவார்கள். தலைவலிக்கு ஐபுப்ரொஃபன் போட்டால் இன்னும் மோசம். தராவீஹ் இரவுத் தொழுகை முடிந்து படுத்து, விடியலுக்கு முன் ஸஹர் சாப்பாட்டுக்கு எழுந்தால் தூக்கமும் துண்டுதுண்டாகிவிடும். மேனியா என்கிற கட்டுக்கடங்காத பரபரப்பு நிலை திரும்பக் கிளம்ப அதுவே போதும்.

அதனால் வேலை ரமலானுக்கு ஒரு மாதம் முன்பே தொடங்க வேண்டும். கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்ப்பது, இஃப்தாருக்குப் பின் ஒரே வேளையாக மாற்றலாமா என்று மருத்துவரைக் கேட்பது, முதல் வாரத்திலேயே மறுபடி பரிசோதனை. எந்த அறிகுறி வந்தால் அந்த நிமிடமே நோன்பை முறிக்க வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி வீட்டாரிடம் கொடுக்கிறோம்.

ஹஸ்ரத்தை ஏன் இழுத்தோம்? டாக்டர் மட்டும் “கூடாது” என்றால், பலர் அவரிடம் சொல்லாமலே நோன்பு வைப்பார்கள், மாத்திரையைத்தான் நிறுத்துவார்கள். நோயாளிக்குச் சலுகை குர்ஆனிலேயே (2:185) இருக்கிறது, தீராத நோய்க்கு ஃபித்யாவும் (நோன்புக்கு ஈடாக ஏழைக்கு உணவளிப்பது) உண்டு. புதிதாக எதையும் அவரைச் சொல்லச் சொல்லவில்லையே. ஆனாலும் எங்கள் மருந்துச் சீட்டுக்கு அவர் நாவைக் கடன் வாங்கப் பார்த்தோமோ என்ற உறுத்தல் போகவில்லை.

சலுகை உண்டு என்று கேட்ட அந்த நோயாளி சொன்னது வேறு: “வீட்ல எல்லாரும் ஸஹருக்கு எழும்போது எனக்கு மட்டும் பைத்தியக்காரச் சலுகையா?” சர்க்கரை நோயாளி கூசாமல் நோன்பை விடுகிறார். இவர் விட்டாலோ, மறைத்துவைத்த நோய் வெளியே தெரிந்துவிடும். மார்க்கம் தருவதை ஊர்வாய் பிடுங்கிக்கொள்கிறது.

இப்போது மருத்துவர், ஹஸ்ரத், நோயாளி மூவரையும் ஒன்றாக உட்காரவைக்கிறோம். மருத்துவர் பேசி முடித்த பிறகே ஹஸ்ரத் பேசுவார். அப்படியும் சிலர் தலையாட்டிவிட்டு நோன்பு வைக்கத்தான் செய்கிறார்கள். அவர்களுக்கும் அந்தத் தாளைக் கொடுத்தனுப்புகிறோம். அது சம்மதம் கொடுத்ததாக ஆகிவிடாதா என்று மருத்துவர் கேட்கிறார். கொடுக்காவிட்டால் தள்ளாட்டம் வந்தாலும் தண்ணீர் குடிக்க மாட்டார்களே என்கிறேன் நான். அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.