டார்செட் கூலியாட்களின் ஏட்டுத் தடம்

என் மாமியாரின் தந்தைவழி முன்னோர், தென்மேற்கு இங்கிலாந்தின் டார்செட் கவுண்டியில், பிடில் என்னும் சிற்றாற்றின் கரையோர ஊர்களில் தலைமுறை தலைமுறையாகப் பண்ணைக் கூலிகளாக இருந்தவர்கள். அந்தக் குடும்பத்தில் வாய்வழியாக வந்த செய்தி அவ்வளவுதான். நிலம் இல்லாதவர்களுக்குப் பத்திரம் இல்லை. உயில் எழுதி வைக்கப் பொருள் இல்லை. கடிதம் எழுத எழுத்தறிவும் இல்லை. இப்படிப்பட்டவர்களின் தடம் எங்கே கிடைக்கப்போகிறது என்ற ஐயத்தோடுதான், மாமியாரும் நானும் ஒரு வசந்த காலத்தில் லண்டன் வாட்டர்லூ நிலையத்திலிருந்து வேமத் செல்லும் ரயிலில் ஏறி டார்செஸ்டரில் இறங்கினோம்.

புறப்படும் முன்பே வீட்டுக் கணினியில் செய்து முடிக்க வேண்டிய வேலை நிறைய இருந்தது. இங்கிலாந்தில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1801 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை நடந்தாலும், நாடு முழுவதும் ஒவ்வொருவரின் பெயரும் பதிவானது 1841-இல்தான். அந்த ஏட்டிலும் பதினைந்து வயதைக் கடந்தவர்களின் வயதை ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதினார்கள். முப்பத்து நான்கு வயதுக்காரர் முப்பது என்று நிற்பார். பிறந்த ஊர் இருக்காது. அதே கவுண்டியில் பிறந்தவரா என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்ற விடை மட்டுமே இருக்கும். 1851-இலிருந்து பிறந்த ஊரும் குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்பதும் சேர்ந்தபோதுதான் ஏடு பேசத் தொடங்குகிறது. நாம் பார்ப்பது குடும்பத்தார் கொடுத்த படிவத்தை அல்ல, கணக்கெடுப்பாளர் அதைப் பார்த்து எழுதிய பிரதியை என்பதையும் மறக்கக் கூடாது. குடும்பத்தார் தாமே நிரப்பிய தாள்கள் 1911 முதல்தான் கிடைக்கின்றன. அதற்கு முன்னால், எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கூலியாளின் குடும்பப் பெயர், வாசலில் நின்றவர் காதில் எப்படி விழுந்ததோ அப்படியே ஏட்டில் ஏறியது. எங்கள் குடும்பப் பெயரே ஒரே ஊரில் மூன்று விதமாக எழுதப்பட்டிருந்தது.

1851-ஆம் ஆண்டு ஏட்டில் அந்தக் குடும்பத்தைக் கண்டபோது, தந்தை ஓர் ஊரிலும் தாய் வேறோர் ஊரிலும் பிறந்திருக்க, பிள்ளைகள் ஒவ்வொருவரும் வெவ்வேறு ஊர்களில் பிறந்திருந்தார்கள். அந்த ஊர்கள் யாவும் சில மைல் சுற்றளவுக்குள் அடங்கிவிடும். டார்செட் பண்ணையாட்களின் ஆண்டு ஒப்பந்தம் ஏப்ரல் 6-ஆம் தேதியன்று முடியும். அன்று தட்டுமுட்டுச் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு அடுத்த பண்ணைக்குக் குடிபெயர்வார்கள். 1861-இல் கணக்கெடுப்பு நடந்தது ஏப்ரல் 7-ஆம் தேதி. அதாவது, அந்த ஆண்டு ஏட்டில் நாம் பார்க்கும் பல கூலிக் குடும்பங்கள் மூட்டையைக்கூட முழுதாக அவிழ்க்காத நிலையில் எண்ணப்பட்டிருக்கலாம். ஒரே ஊரில் தேடிவிட்டு ஆளைக் காணவில்லை என்று கைவிடுபவர்கள் இதை நினைவில் வைத்துக்கொண்டால் நல்லது.

டார்செட் வரலாற்று மையம் டார்செஸ்டர் நகரிலேயே இருக்கிறது. பைகளைப் பூட்டி வைத்துவிட்டுப் பென்சிலும் தாளும் மட்டும் கொண்டு உள்ளே போக வேண்டும். ஆலயப் பதிவேடுகளைப் பெரும்பாலும் படமாகத்தான் திரையில் பார்க்கக் கொடுக்கிறார்கள். ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் ஆகிய மூன்றையும் ஒவ்வோர் ஆலயத்திலும் எழுதிவைக்க வேண்டும் என்று எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் 1538-இல் ஆணையிட்டார். தொடக்க காலத்தில் பலர் தாளில் எழுதியதால் அவை சிதைந்தன. பிறகு 1598-இல், பழையவற்றைத் தோல் ஏட்டில் படியெடுக்க வேண்டும், குறிப்பாக முதலாம் எலிசபெத் அரியணை ஏறிய 1558 முதலானவற்றை எழுத வேண்டும் என்று உத்தரவு வந்தது. பல ஊர்களின் ஏடுகள் சரியாக 1558-இல் தொடங்குவதற்குக் காரணம் இதுதான்.

நாங்கள் பின்னோக்கிப் போனோம். 1813 முதல் அச்சிட்ட படிவங்கள் இருப்பதால் ஞானஸ்நான ஏட்டில் தந்தையின் தொழிலும் இருப்பிடமும் கிடைத்தன. தொழில் என்ற கட்டத்தில் பக்கத்துக்குப் பக்கம் ‘கூலியாள்’ என்றே இருந்தது. அதற்கு முன் குருவானவரின் மனநிலைதான் சட்டம். ஒருவர் இரண்டு வரி எழுதுவார், இன்னொருவர் பெயரோடு நிறுத்திக்கொள்வார். 1754 முதல் திருமண ஏட்டில் மணமக்களும் சாட்சிகளும் கையெழுத்திட வேண்டியிருந்தது. எழுதத் தெரியாதவர்கள் பெருக்கல் குறி போட்டார்கள். தம் மூதாட்டி ஒருத்தி போட்ட கோணலான குறியை மாமியார் திரையில் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். 1733-க்கு முன் லத்தீன் குறுக்கிடும். 1752-க்கு முன் ஆண்டு மார்ச் 25-இல் பிறந்ததால், பிப்ரவரியில் ஞானஸ்நானம் பெற்ற குழந்தை, முந்தைய மே மாதம் நடந்த பெற்றோரின் திருமணத்துடன் ஒரே ஆண்டில் இருப்பதாகத் தோன்றும். பழகும் வரை தலை சுற்றும்.

இதுவரை எல்லாம் ஒரு வரிச் செய்திகள்தாம். பிறந்தான், மணந்தான், புதைக்கப்பட்டான். முழுக் கதை கிடைத்தது ஏழைகள் கண்காணிப்பாளரின் தாள்களில். 1662-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வறுமையில் விழுந்தவருக்கு உதவ வேண்டிய கடமை அவருக்கு ஊருரிமை உள்ள ஊருக்கே உண்டு. ஆகவே ஒருவர் உதவி கேட்டு வந்தால், இவர் எந்த ஊரின் சுமை என்பதைக் கண்டுபிடிக்க நீதிபதிகள் அவரை உட்காரவைத்து விசாரித்தார்கள்: எங்கே பிறந்தாய், யாரிடம் வேலை செய்தாய், எவ்வளவு காலம், என்ன கூலி. ஓராண்டு முழுதாக ஒருவரிடம் வேலை செய்தால் அந்த ஊரில் உரிமை பிறந்துவிடும் என்பதால், ஆண்டு முடிய ஒரு வாரம் இருக்கும்போதே ஆளை அனுப்பிவிடும் பண்ணையார்களும் இருந்தார்கள். 1820-களில் உடல்நலம் குன்றி உதவி கேட்ட மாமியாரின் முன்னோர் ஒருவர் சொன்ன வாக்குமூலம் ஒரு முழுப் பக்கம். ஒழுங்காக உழைத்துச் சோர்ந்து செத்துப்போன அவருடைய அண்ணனுக்கு ஏட்டில் மூன்றே வரி. ஊருக்குச் சுமையாகிவிட்ட தம்பிக்கு வாழ்க்கை வரலாறே இருக்கிறது. செலவை யார் தலையில் கட்டுவது என்ற கணக்கு இல்லாவிட்டால் அந்த மனிதர் பேசியதை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள் என்பதே என் எண்ணம்.

மறுநாள் பேருந்தில் டால்படிலுக்குப் போனோம். கூலியை வாரம் ஒன்பது ஷில்லிங்கிலிருந்து ஏழாகக் குறைத்து, ஆறாக்கப் போவதாகவும் அச்சுறுத்தியபோது சங்கம் சேர்ந்த ஆறு பண்ணைக் கூலிகள் 1834-இல் ஏழாண்டு நாடு கடத்தல் தண்டனை பெற்றது இந்த ஊரிலிருந்துதான். அவர்களில் ஐவர் திரும்பி வந்த பிறகு கனடாவில் குடியேறினார்கள். ஊரிலேயே தங்கிய ஜேம்ஸ் ஹாமெட் 1891-இல் டார்செஸ்டரின் ஏழையர் விடுதியில் இறந்தார். ஆலய வளாகத்தில் இன்று நாம் பார்க்கும் அவருடைய கல்லறைக்கல் 1934-இல் எரிக் கில் செதுக்கியது. இவ்வளவு புகழ்பெற்றவருக்கே அப்படியென்றால், பக்கத்து ஊர் ஆலயத் தோட்டத்தில் மாமியாரின் முன்னோர் பெயரில் ஒரு கல்கூட இல்லாதது எனக்கு வியப்பளிக்கவில்லை. மாமியாருக்குத்தான் மனம் ஆறவில்லை. வேலியோரம் இருந்த பாசி படிந்த கற்களையெல்லாம் கையால் துடைத்துப் பார்த்தார். எல்லாம் பண்ணையார்களும் மாவுமில் உரிமையாளர்களும்தாம்.

அந்த வாக்குமூலத்தின் முதல் வரியில், தான் வில்ட்ஷயரில் பிறந்ததாகக் கேள்விப்பட்டிருப்பதாக அவர் சொல்கிறார். ஊர்ப் பெயரும் இருக்கிறது. குடும்பம் என்றுமே டார்செட்டைச் சேர்ந்தது என்று நம்பியிருந்த மாமியார், ரயிலில் திரும்பும்போதே அதை ஏற்க மறுத்து வாதாடிக்கொண்டு வந்தார். வில்ட்ஷயர் ஏடுகள் சிப்பனம் நகர ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. இலையுதிர் காலத்தில் அங்கே போகலாம் என்று, கடைசியில் அவரே நாள் குறித்தார்.