மிசோரமிலிருந்து கொண்டுவந்த மலேரியா

மிசோரமில் டவர் வேலை முடிந்து திருமங்கலத்துக்கு வந்த கொஞ்ச நாளில் குளிர்ஜுரம். மருந்துக்கடைக்காரர் வைரஸ் காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுத்தார். சைட்டில் கூட இருந்தவர்களுக்கு மலேரியா வந்திருந்ததால் அம்மா விடவில்லை, மதுரைக்கு அழைத்துப்போனார். விரல் நுனியில் குத்தி எடுத்த ரத்தத்தில் ஃபால்சிபாரம் என்கிற மலேரியாக் கிருமி.

டாக்டர் முதலில் கேட்டது, "எந்த ஊர்ல வேலை பார்த்தீங்க?" மிசோரம் என்றதும் சீட்டில் எழுதவந்த மருந்தை மாற்றினார். மற்ற மாநிலங்களில் ஆர்ட்டிசுனேட்டோடு சல்ஃபாடாக்சின்-பைரிமெத்தமின் சேர்த்துத் தருவார்களாம். வடகிழக்கில் அந்தத் துணை மருந்து வேலை செய்யாமல் போனதால் 2013 முதல் ஆர்ட்டிமீத்தர்-லூமிஃபான்ட்ரின்.

படுத்துக்கிடந்தபோது இதைத் தேடிப் படித்தேன். பைரிமெத்தமின் போய் ஒட்டுவது கிருமியின் ஒரே ஒரு நொதியில். அந்த நொதியில் 108ஆம் இடத்து அமினோ அமிலம் மாறினால் மருந்து சரியாக ஒட்டாது. அப்புறம் 51, 59, 164 என்று மாற்றம் சேரச் சேரப் பிடி தளர்ந்துகொண்டே போகும். கோடிக்கணக்கில் பெருகும் கிருமிகளில் இப்படி ஒன்று தற்செயலாக இருந்தால் போதும். மருந்து மற்றதையெல்லாம் கொன்று அதற்கு இடத்தைக் காலிசெய்து தந்துவிடுகிறது.

ஒரு வேளைக்கு நான்கு மாத்திரை. முதல் வேளைக்கு எட்டு மணி நேரம் கழித்து இரண்டாவது, அடுத்த இரண்டு நாளும் காலை, இரவு. "வெறும் வயித்துல போடாதீங்க தம்பி, பாலாவது குடிங்க" என்றார் நர்ஸ். சோற்று வாசனையே குமட்டிய நேரம் அது. அம்மா பாலைக் கொடுத்துவிட்டு, நான் விழுங்கும்வரை நகராமல் நின்றார். லூமிஃபான்ட்ரின் கொழுப்போடு போனால்தான் உடம்பில் ஒழுங்காகச் சேரும். ஆர்ட்டிமீத்தர் முதலில் பெருங்கூட்டத்தை அழித்துவிட்டுச் சில மணி நேரத்தில் போய்விடும். மிச்சத்தைத் தீர்ப்பது ரத்தத்தில் நாள்கணக்கில் தங்கும் லூமிஃபான்ட்ரின்தான். அதன் அளவு குறைந்தால், அரைகுறையாகத் தாக்குப்பிடிக்கிற கிருமிகளுக்குக் கொண்டாட்டம்.

இரண்டாம் நாள் பிரைமாகுயின் ஒரே வேளை. இது கொசுவுக்குள் போய் வளரக்கூடிய வடிவத்தைக் கொல்வதற்கு. சுகாதார ஆய்வாளரும் வந்து மொட்டைமாடித் தொட்டியை எட்டிப்பார்த்து, வீட்டில் எல்லாருக்கும் ரத்தம் எடுத்தார். மலேரியா பரப்பும் ஸ்டீபன்சி கொசு அப்படிப்பட்ட தண்ணீரில்தான் முட்டையிடும்.

காய்ச்சல் விட்ட பிறகும் மூன்றாம் நாள் ரத்த ஸ்லைடுக்கு வரச் சொன்னது எரிச்சலாக இருந்தது. காரணம் தெரிந்ததும் நானே பஸ் ஏறிவிட்டேன். அன்றைக்கும் கிருமி தெரிந்தால், ஆர்ட்டிமீத்தருக்கும் ஆர்ட்டிசுனேட்டுக்கும் மூலமான ஆர்ட்டிமிசினினுக்கே எதிர்ப்பு இருக்குமோ என்று சந்தேகிக்க வேண்டும். மேற்குக் கம்போடியாவில் 2008 வாக்கில் அப்படித்தான் பிடிபட்டது. கிருமி ஹீமோகுளோபினைச் செரிக்கும்போது வெளிவரும் இரும்புதான் இந்த மருந்தைத் தூண்டிவிடுகிறது. கெல்ச்-13 மரபணு மாறிய கிருமி, இளசாக வளைய வடிவில் இருக்கும்போது ஹீமோகுளோபினைக் குறைத்தே உள்ளே எடுக்கிறது. மருந்து போகும்வரை அப்படியே ஒடுங்கிக் கிடந்து, பிறகு வளரத் தொடங்கும். கில்லாடிதான்.

எனக்கு அன்றைக்கே ஸ்லைடு சுத்தம். லூமிஃபான்ட்ரின் வடிந்த பிறகு ஒளிந்திருந்தது தலைதூக்கலாம் என்பதால் 28ஆம் நாளும் பார்த்தார்கள். அதிலும் ஒன்றுமில்லை.