ஐந்து பேரும் வந்தால்தான் ஆட்டமா?

ஆளுக்கொரு ஊரில் இருக்கும் ஐந்து ஆட்டக்காரர்களையும், கதையை நடத்தும் ஒரு ஜிஎம்மையும் (கேம் மாஸ்டர்) ஆன்லைனில் சேர்த்து ஆர்பிஜி கேம்பெயின், அதாவது ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் தொடர்கதை ஆட்டம், தொடங்குவதில் கஷ்டமே இல்லை. கஷ்டம் மூன்றாவது செஷனில், அதாவது மூன்றாவது முறை கூடும்போது, ஆரம்பிக்கும். "இந்த வாரம் யாருக்கெல்லாம் முடியும்?" என்று குழுவில் ஒரு கேள்வி விழும். இரண்டு பேர் சரி என்பார்கள், ஒருவர் பார்த்துச் சொல்கிறேன் என்பார், மற்றவர்கள் படித்துவிட்டுச் சும்மா இருப்பார்கள். ஆட்டம் தள்ளிப்போகும். இன்னொரு முறை தள்ளிப்போனால் அதன்பிறகு யாரும் கேட்கக்கூட மாட்டார்கள். ஆர்வம் குறைந்துவிட்டது என்று எல்லோரும் அதற்குப் பெயர் வைப்பார்கள். கணக்குப் போட்டால் வேறு ஒன்று தெரியும்.

ஒவ்வொருவரும் நூற்றுக்கு 85 முறை தவறாமல் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வேலையும் குடும்பமும் உள்ளவர்களுக்கு இது நல்ல வருகைதான். ஆனால் ஐந்து பேரும் ஒரே நாளில் கூடும் வாய்ப்பு, 0.85ஐ ஐந்து முறை பெருக்கினால், வெறும் 44 சதவீதம். பாதிக்கு மேற்பட்ட செஷன்கள் யாரோ ஒருவருக்காக விழுந்துவிடும். நான்கு பேர் இருந்தால் ஆடலாம் என்று வைத்தால் அதுவே 84 சதவீதமாகிறது. மூன்று பேர் போதும் என்றால் 97. ஆட்கள் அவர்களேதான், வருகையும் அதேதான். நம்பகமான ஆட்களைத் தேடி அலைவதைவிட, ஆள் குறைந்தாலும் ஓடும்படி ஆட்டத்தைக் கட்டுவது சுலபம் என்பது இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

"மூன்று பேர் இருந்தால் ஆட்டம் உண்டு" என்பதை செஷன் ஜீரோவிலேயே, அதாவது கதை தொடங்கும் முன் ஏற்பாடுகளைப் பேசக் கூடும் நாளிலேயே, பேசி, எழுதி, குழுவின் மேலே பின் செய்துவிடுங்கள். பாதியில் கொண்டுவந்தால், அன்றைக்கு வர முடியாதவர் தன்னைக் கழற்றிவிட்டதாக நினைப்பார். அவர் நினைப்பதில் தப்பும் இல்லை.

அடுத்தது நாள். வாராவாரம் ஓட்டெடுப்பு வைத்து நாள் குறிப்பது, பார்க்க ஜனநாயகமாக இருந்தாலும், கேம்பெயினுக்கு எமன். ஒவ்வொரு முறையும் எல்லோரும் தங்கள் வாரத்தைப் புதிதாகத் திட்டமிட வேண்டியிருக்கிறது. கடைசியாகப் பதில் போடுபவரிடம் எல்லோருடைய மாலையும் அடகில் இருக்கிறது. ஒரே கிழமை, ஒரே நேரம் என்று நிலையாக வைத்தால் வீட்டில் இருப்பவர்களுக்கும் பழகிவிடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஒரு செஷனைத் தவறவிட்டவருக்கு இடைவெளி 28 நாள். அதற்குள் வில்லன் பெயரே மறந்துவிடும். வாரம் ஒருமுறை இரண்டரை மணி நேரம் முடிந்தால் அதுவே மேல். ஹெட்செட் மாட்டிக்கொண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தால் கடைசி அரை மணியில் யாரும் முழுக் கவனத்தோடு இருப்பதில்லை. நடுவில் பத்து நிமிட இடைவேளை கட்டாயம்.

நேர மண்டலங்கள்தான் சத்தமில்லாமல் காலை வாரும். லண்டனுக்கும் சிட்னிக்கும் இடையே எத்தனை மணி வித்தியாசம்? வருடத்தில் பாதி நாள் 9, கிட்டத்தட்ட மற்றப் பாதி 11, நடுவில் சில வாரங்கள் 10. வட கோளமும் தென் கோளமும் கடிகாரத்தை எதிரெதிர்த் திசையில் திருப்புகின்றன, அதையும் வெவ்வேறு தேதிகளில். நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் வழக்கமாக 5 மணி. ஆனால் அமெரிக்கா மார்ச் மாத இரண்டாம் ஞாயிறும் பிரிட்டன் கடைசி ஞாயிறும் மாற்றுவதால் இடைப்பட்ட இரண்டு மூன்று வாரம் 4 மணியாகிவிடும். அக்டோபர் கடைசியில் இன்னும் ஒரு வாரம் அப்படியே. "நான் வந்தேன், யாரையும் காணோம்" என்ற புகார் மார்ச்சிலும் அக்டோபரிலும்தான் அதிகம் வரும்.

இதற்கு வழி, ஒரு ஊரின் கடிகாரத்தில் நேரத்தை அடித்து வைத்துவிடுவது. எந்த ஊர் என்பது முக்கியம். லண்டன், சிங்கப்பூர், சிட்னி மூன்றிலும் ஆட்கள் இருக்கிறார்கள் என்று வையுங்கள். லண்டன் ஞாயிறு காலை 9 மணி என்று குறித்தால், சிட்னிக்காரருக்கு அது மாலை 6 மணிக்கும் இரவு 8 மணிக்கும் இடையே ஆடும். இரவு 8 என்றால் ஆட்டம் முடிய 11, மறுநாள் திங்கள். அதையே கடிகாரத்தைத் திருப்பாத சிங்கப்பூரின் மாலை 4 மணி என்று குறித்துவிட்டால், லண்டனுக்கு 8 அல்லது 9, சிட்னிக்கு 6 அல்லது 7. யாருக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நகராது. குழுவில் அப்படி ஒரு ஊர் இல்லாவிட்டால் யுடிசியையே (உலகப் பொது நேரம்) வைத்துக்கொள்ளலாம். கூகுள் காலண்டரில் நிகழ்வு போடும்போது நேர மண்டலத்தையும் அந்த ஊருக்கே மாற்ற மறக்காதீர்கள். மறந்தால் போட்டவருடைய ஊர்க் கடிகாரத்தைத்தான் அது பின்தொடரும். டிஸ்கார்டு என்ற அரட்டைச் செயலியில் அறிவிக்கும்போது அதன் நேரமுத்திரையைப் பயன்படுத்தினால் ஒவ்வொருவர் திரையிலும் அவரவர் நேரமே தெரியும். "நாளை மாலை" என்று மட்டும் எழுதாதீர்கள். யாருடைய நாளை?

இந்த மூன்று ஊர்களோடு நியூயார்க்கையும் சேர்க்க முடியுமா? சேர்க்கலாம், யாராவது ஒருவர் அதிகாலையிலோ நள்ளிரவிலோ ஆட வேண்டும். பதினொரு மணி வித்தியாசத்துக்கு மேல் விரியும் குழுவுக்கு நேரடி ஆட்டம் ஒத்துவராது. இரண்டு குழுவாகப் பிரிப்பதே நேர்மையான வழி.

வருகை கேட்கும் முறையையும் திருப்பிப் போடுங்கள். "யார் வருகிறீர்கள்?" என்று கேட்டால் ஐந்து பதில்களுக்குக் காத்திருக்க வேண்டும். "வர முடியாதவர்கள் மட்டும் 24 மணி நேரத்துக்கு முன் சொல்லுங்கள், மௌனம் என்றால் வருகிறீர்கள்" என்று வைத்தால் பெரும்பாலும் பதிலே வேண்டியதில்லை. காரணம் கேட்காதீர்கள். காரணம் கேட்கும் குழுவில் ஆட்கள் சாக்குத் தேடிக்கொண்டே கடைசி நிமிடம் வரை இழுப்பார்கள். இந்த அறிவிப்புகளுக்கு என்று தனிச் சேனல் இருக்கட்டும், அதில் மீம் போட யாருக்கும் அனுமதி இல்லை.

ஆள் குறைவதைக் கதைக்குள்ளே எப்படித் தாங்குவது? மேஜையில் அதிகம் சொதப்புவது இங்கேதான்.

முதலில், ஒவ்வொரு செஷனும் முடியும் இடம். சுரங்கத்தின் நடுவில், கதவைத் திறக்கும் நொடியில் நிறுத்தினால் பரபரப்பாகத்தான் இருக்கும். ஆனால் அடுத்த முறை அந்தக் கதவருகே நின்ற ஆள் வரமாட்டார். பென் ராபின்ஸ் என்ற ஜிஎம் நடத்திய வெஸ்ட் மார்ச்சஸ் கேம்பெயினின் முறையில் செஷன் முடிவில் எல்லோரும் ஊருக்குத் திரும்பியாக வேண்டும். அடுத்த பயணத்தில் யார் போவது என்பது அன்றைக்கு யார் இருக்கிறார்களோ அதைப் பொறுத்தது. முழு முறையையும் எடுத்துக்கொள்ள வேண்டாம், அந்த ஒரு விதியைத் திருடினால் போதும். ஊர், முகாம், கப்பல், சத்திரம் என்று ஏதோ ஒரு பத்திரமான இடத்தில் முடியுங்கள். இதற்கு ஜிஎம் முடிவு நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். அந்த நேரத்துக்குப் பிறகு புதுச் சண்டை தொடங்கக் கூடாது. ஆன்லைனில் ஒருவர் தன் முறைக்கு இரண்டு மூன்று நிமிடம் எடுப்பார். ஐந்து பேரும் எதிரிகளும் சேர்ந்தால் ஒரு சுற்றுக்குக் கால் மணி. நான்கு சுற்றுச் சண்டை என்றாலே ஒரு மணி நேரம் போய்விட்டது.

அடுத்து, சண்டையின் கனம். ஐந்து பேருக்கு என்று தயாரித்த சண்டையில் மூன்று பேரை இறக்கினால் செத்துப்போவார்கள். எதிரிகளை மூன்று பேர் கணக்குக்கு எழுதிவிட்டு, நான்காவது ஆள் வந்தால் என்ன சேரும், ஐந்தாவது வந்தால் இரண்டாம் சுற்றில் யார் உள்ளே நுழைவார்கள் என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். கூட்டுவது சுலபம், ஓடும் சண்டையில் குறைத்தால் ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். ஒற்றைப் பெரிய எதிரி என்றால் ஹிட் பாயிண்டில் (எவ்வளவு அடி தாங்கும் என்ற எண்) கை வையுங்கள். டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ஆர்பிஜியின் 2014 விதிகளில் ஓகர் என்ற ராட்சதனுக்குச் சராசரி 59. ஆனால் அது ஏழு பத்துமுகப் பகடைகளை உருட்டிய தொகையோடு 21ஐக் கூட்டி வந்த எண், ஆகவே 28 முதல் 91 வரை எந்த எண்ணும் விதிக்கு உட்பட்டதுதான். ஆள் குறைந்த நாளில் 40 புள்ளி ஓகர் போதும். குணப்படுத்தும் ஆள் வராத நாளில் சண்டைக்கு முன்பே வழியில் இரண்டு மருந்துக் குப்பிகள் கிடைக்கட்டும். ஒன்று சராசரியாக 7 புள்ளி மீட்கும். பெரிய உதவி இல்லை, விழுந்தவரை எழுப்ப அது போதும்.

மூன்றாவது, சாவி யாரிடம். ரகசியக் கடிதம், வரைபடம், கோட்டைச் சாவி இவற்றை ஒரே கதாபாத்திரத்தின் பையில் வைத்துவிட்டால், அவர் வராத நாளில் கதை பூட்டிக்கொள்ளும். கதையை நகர்த்தும் பொருள்கள் எல்லாம் பார்ட்டியின் (கதாபாத்திரக் குழுவின்) பொதுப் பையில் என்று முதல் நாளே முடிவு செய்யுங்கள். அந்தப் பட்டியல் எல்லோரும் திறக்கக்கூடிய கோப்பில் இருக்க வேண்டும். தகவலும் அப்படித்தான்: ஒருவர் காதில் மட்டும் சொன்ன ரகசியம், அவர் இல்லாத நாளில் இல்லாத ரகசியம்.

வராதவருடைய கதாபாத்திரத்தை இன்னொருவர் ஆடலாமா என்று எப்போதும் கேட்பார்கள். வேண்டாம். ஆடுபவருக்குச் சண்டையில் இரட்டை வேலை, செத்துப்போனால் நட்பில் விரிசல். அந்தப் பாத்திரம் குதிரைகளைப் பார்த்துக்கொள்கிறது, காய்ச்சலில் படுத்திருக்கிறது, எதுவோ ஒன்று. விளக்கத்துக்கு ஒரு வாக்கியத்துக்கு மேல் செலவழிக்காதீர்கள். அனுபவப் புள்ளிக் கணக்கையும் தூக்கிப்போட்டுவிட்டு, கதையின் கட்டங்களில் எல்லோரும் சேர்ந்து லெவல் ஏறட்டும். வராததற்கு அபராதமாக ஒருவர் இரண்டு லெவல் பின்தங்கினால் அவர் வரும் நாளிலும் உபயோகமில்லாமல் உட்கார்ந்திருப்பார். அடுத்த முறை வருவதற்கு இன்னும் ஒரு காரணம் குறையும்.

கருவிகளைப் பற்றி எல்லோரும் நிறையப் பேசுவார்கள், உண்மையில் ஒலி ஒன்றுதான் முக்கியம். ஒருவர் ஸ்பீக்கரில் கேட்டால் மற்ற எல்லோருக்கும் எதிரொலிக்கும். ஒரே அறையில் இரண்டு பேர் இரண்டு லேப்டாப்பில் உட்கார்ந்தாலும் அதே கதி, ஆளுக்கொரு அறை என்று பிரிந்துவிட வேண்டும். மூன்று பேர் ஒரு மேஜையில், இரண்டு பேர் திரையில் என்ற கலப்பு ஏற்பாடுதான் எல்லாவற்றிலும் மோசம்: மேஜைச் சிரிப்பு திரையில் இருப்பவர்களுக்கு இரைச்சலாகவே போய்ச் சேரும், கொஞ்ச நேரத்தில் அவர்கள் வேறு டேப் திறந்துவிடுவார்கள். இணையத் தாமதத்தால் இருவர் ஒரே நேரத்தில் பேசி, இருவரும் நிறுத்தி, "நீங்க சொல்லுங்க" என்பது நடந்துகொண்டே இருக்கும். ஜிஎம் பெயர் சொல்லி அழைத்தால் இது பாதியாகக் குறையும். சண்டை இல்லாத நேரத்திலும் வரிசையாக ஒரு சுற்றுக் கேட்டு வாருங்கள்.

வரைபடத்தை எல்லோர் திரையிலும் காட்ட, பிரவுசரில் திறந்தவுடன் ஓடும் ஓல்பேர் ரோடியோ என்ற தளம் பல குழுக்களுக்குப் போதும். ஃபவுண்ட்ரி என்ற மென்பொருள் அதைவிட வலுவானது, ஜிஎம் ஒருவர் உரிமம் வாங்கினால் மற்றவர்கள் வாங்க வேண்டியதில்லை. ஆனால் ஜிஎம் வீட்டுக் கணினியிலிருந்து ஓடினால் அவர் வீட்டு இணையம் போகும்போது எல்லோருக்கும் மேஜையே போய்விடும். ஆட்ட நாளன்று அதை அப்டேட் செய்யவே செய்யாதீர்கள். அதில் சேர்த்த மாட்யூல்களில் (கூடுதல் நிரல்கள்) ஏதாவது ஒன்று கட்டாயம் உடையும். வரைபடப் படத்தை பிஎன்ஜியாக ஏற்றாமல் ஜேபெக்காகவோ வெப்பியாகவோ மாற்றி இரண்டு மூன்று எம்பிக்குள் வைத்தால் மெதுவான இணைப்பில் இருப்பவரும் தப்பிப்பார். இதேபோன்ற இன்னொரு தளமான ரோல்20இல் வரைபடத்தின் ஒரு கட்டத்துக்கு 70 பிக்சல். 30க்கு 20 கட்ட அறைக்கு 2100க்கு 1400 பிக்சல் படம் போதும், அதற்குமேல் வீண்.

முகம் தெரியாத குரல் ஆட்டத்தில் ஒருவர் சங்கடப்படுவது மற்றவர்களுக்குத் தெரியாது. ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் உருவாக்கிய எக்ஸ்-கார்டை இங்கே சாட்டில் ஒரே எழுத்தாக வைத்துக்கொள்ளலாம்: யாராவது தட்டினால் அந்தக் காட்சி அங்கேயே வெட்டப்படும், விளக்கம் கேட்கக் கூடாது.

செஷன் முடிந்த மறுநாளுக்குள் ஒரு சுருக்கம் போக வேண்டும். இருநூறு வார்த்தை, ஐந்து பெயருக்கு மேல் வேண்டாம்: என்ன நடந்தது, யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தோம், அடுத்து எங்கே. இதை ஜிஎம் எழுதக் கூடாது. ஆட்டக்காரர்கள் முறைபோட்டு எழுதட்டும். அவர்கள் எழுதியதில் எது விடுபட்டது என்று பார்த்தாலே ஜிஎம்முக்கு எது மனதில் பதியவில்லை என்று தெரிந்துவிடும். கடையில் பொருள் வாங்குவது, லெவல் ஏற்றுவது, கடிதம் எழுதுவது எல்லாம் இடைப்பட்ட நாள்களில் சாட்டிலேயே முடியட்டும். கூடியிருக்கும் நேரத்தில் கயிறு எத்தனை அடி என்று பேசிக்கொண்டிருப்பது வீண்.

ஜிஎம்முக்கும் காய்ச்சல் வரும். வேறொருவர் நடத்தக்கூடிய ஒன்-ஷாட் (ஒரே செஷனில் முடியும் கதை) ஒன்றும், அதற்குத் தயாரான நான்கைந்து கதாபாத்திரத் தாள்களும் எப்போதும் பகிர்ந்த கோப்புறையில் இருக்கட்டும். ஆட்டக்காரர்கள் மூன்று பேருக்குக் குறைந்த நாளிலும் அதையே எடுக்கலாம். கேம்பெயின் நடக்காவிட்டாலும் அந்தக் கிழமையை விட்டுக்கொடுக்காதீர்கள். ஒருமுறை காலியான மாலையை வேறு வேலை வந்து பிடித்துக்கொள்ளும்.

முடிவில்லாத கேம்பெயினுக்கு யாரையும் கூப்பிடாதீர்கள். எட்டு செஷன் ஒரு சீசன் என்று சொன்னால் தயங்குகிறவர்கூட ஒத்துக்கொள்வார். சீசன் முடிவில் விலக நினைப்பவர் கோபமோ குற்ற உணர்வோ இல்லாமல் விலகலாம், அவருடைய கதாபாத்திரத்துக்கு நல்ல வழியனுப்பும் கிடைக்கும். எட்டில் மூன்று செஷனுக்கு மேல் தவறவிட்டவரிடம் குழுவில் பேசாமல் தனியாகப் பேசுங்கள். அவருக்குப் பெரும்பாலும் ஆட்டம் பிடித்துத்தான் இருக்கும், கிழமைதான் ஒத்துவராது. அவரை விருந்தாளி ஆட்டக்காரராக மாற்றுங்கள்: மூன்று பேர் கணக்கில் அவர் சேரமாட்டார், வரும் நாளில் ஒரு வில்லனையோ ஒற்றனையோ ஜிஎம் அவர் கையில் கொடுப்பார். தாளை இரண்டு நாள் முன்பே அனுப்பிவிடுங்கள். வந்த பிறகு விதி படிக்க ஆரம்பித்தால் முதல் அரை மணி போய்விடும்.