“சிஸ்டத்தில அப்படித்தான் காட்டுது”

2022ஆம் ஆண்டு யூன் மாதத்தில், நாட்டில் எரிபொருள் தட்டுப்பாடு நிலவியபோது, கொழும்பின் தென்பகுதியில் ஒரு பெற்றோல் செட்டின் கணக்கு அறையில் வேலை செய்துகொண்டிருந்தேன். கண்ணாடிக்கு அப்பால் காலி வீதியின் ஒரு பக்கத்தை அடைத்துக்கொண்டு வாகனங்கள் நின்றன. பவுசர் எப்போது வரும் என்பது எங்களுக்கும் தெரியாது, நின்றவர்களுக்கும் தெரியாது. 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்கு ஏறியதைக்கூட எவரும் பெரிதாகப் பேசவில்லை. கிடைத்தால் போதும் என்றாகிவிட்டது. மாத இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்த பிறகும் வரிசை கலையவில்லை. வண்டியை நின்ற இடத்திலேயே விட்டுவிட்டு, வீட்டுக்குப் போய்க் குளித்து, சோற்றுப் பார்சலோடு திரும்பி வந்தார்கள்.

அந்த வரிசையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஒரு சீ.ஆர். கொப்பி வைத்திருந்தார். அவரை எவரும் நியமிக்கவில்லை. முதல் நாளிரவு இரண்டு ஓட்டோக்காரர்கள் இடத்துக்காகக் கைகலப்பில் இறங்கியபோது, அவர் தன் காரிலிருந்து இறங்கி வந்து, வாகன இலக்கங்களை வந்த ஒழுங்கில் எழுதத் தொடங்கினார். விடிந்தபோது அந்தக் கொப்பியே சட்டமாகியிருந்தது. ஒருமுறை அதை வாங்கிப் பார்த்தேன். 61ஆவதாக எழுதப்பட்டிருந்த ஒரு மோட்டார் சைக்கிளின் இலக்கம் வெட்டப்பட்டு, நான்காவது வரிக்கும் ஐந்தாவது வரிக்கும் நடுவே நெருக்கி எழுதப்பட்டிருந்தது. பக்கத்தில் பென்சிலால், “தகப்பனுக்கு டயலிசிஸ், செவ்வாய்” என்று ஒரு குறிப்பு. ஐம்பத்தாறு பேரைத் தாண்டிப் போன அந்த இடமாற்றத்தை அவர்கள் அரை மணித்தியாலத்துக்கு மேலாகச் சத்தம் போட்டுப் பேசித்தான் முடிவு செய்தார்கள் என்று எங்கள் பம்ப் பொடியன் சொன்னான்.

அந்த நாட்களை நான் இனிப்பாக்கிச் சொல்ல விரும்பவில்லை. அந்தப் பொடியனின் சட்டையைக் கிழித்ததும் அதே கூட்டம்தான். செல்வாக்குள்ளவர்கள் பின்பக்கத்தால் வந்து கான்களில் நிரப்பிக்கொண்டு போனதையும், அதே எண்ணெய் இரண்டு தெரு தள்ளி மூன்று மடங்கு விலைக்கு விற்கப்பட்டதையும் கண்ணால் கண்டேன். ஆகவே யூலை 16ஆம் திகதி தேசிய எரிபொருள் அட்டை அறிவிக்கப்பட்டபோது மனமார மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். அடையாள அட்டை இலக்கம், வாகன இலக்கம், செசி இலக்கம் ஆகியவற்றைக் கொடுத்துப் பதிந்தால் கைத்தொலைபேசிக்கு ஒரு கியூ.ஆர். குறியீடு வரும். கிழமைக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், முச்சக்கரவண்டிக்கு 5 லீற்றர், காருக்கு 20 லீற்றர். ஆகஸ்ட் மாதத்துக்குள் கிலோமீற்றர்க் கணக்கில் நீண்டிருந்த வரிசை எங்கள் வாசலோடு முடிந்தது. அமைச்சரின் காருக்கும் அதே 20 லீற்றர்தானே என்று மக்கள் நம்பினார்கள், அந்த நம்பிக்கை அவர்களை அமைதிப்படுத்தியது.

அந்த அமைதியைப் பற்றித்தான் எழுத நினைத்தேன்.

செப்டெம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓட்டோக்காரர் ஒருவர் வந்தார். குறியீட்டைத் தாளில் அச்சடித்து, லமினேற் செய்து, முன்கண்ணாடியில் ஒட்டியிருந்தார். பொடியன் அதை ஸ்கேன் செய்தபோது மீதி 0.000 என்று காட்டியது. கண்ணாடியில் ஒட்டியிருந்ததை யாரோ படம் பிடித்து, வேறெங்கோ அவருடைய பங்கை அடித்துவிட்டார்கள். அப்போது இப்படிப் பல இடங்களில் நடந்தது.

“தம்பி, நான் இந்தக் கிழமை ஒரு சொட்டும் அடிக்கேல்லை. டாங்கியைத் திறந்து பாருங்கோ” என்றார். பொடியன் என்னைக் கூப்பிட்டான். நான் போய்ப் பார்த்தேன். டாங்கி வறண்டுதான் கிடந்தது. அவர் பொய் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. அன்று காலையில் நானே கோல் விட்டு அளவு (டிப்) பார்த்திருந்தேன். எங்கள் நிலத்தடித் தாங்கியில் போதிய பெற்றோல் இருப்பதும் எனக்குத் தெரியும். அப்படியிருந்தும் என் வாயிலிருந்து வந்தது, “அண்ணை, சிஸ்டத்தில அப்படித்தான் காட்டுது. நாங்கள் ஒண்டும் செய்யேலாது” என்பதுதான். பின்னால் ஒருவர் ஹோர்ன் அடித்தார். இன்னொரு காரிலிருந்த பெண், மிகவும் மரியாதையான குரலில், “சிஸ்டத்தில இல்லையெண்டா எங்கட நேரத்தை ஏன் வீணாக்கிறீங்கள்?” என்று கேட்டார். ஓட்டோக்காரர் இறங்கி, வண்டியைக் கையால் தள்ளிக்கொண்டு ஓரமாகப் போனார். உதவிக்கு ஒருவரும் இறங்கவில்லை. மூன்று வாகனங்கள் பின்னால், கண்ணாடியை ஏற்றிவிட்டு, கைத்தொலைபேசியில் குறியீட்டைத் திறந்து பிடித்தபடி இருந்தவர் அந்தக் கொப்பி ஆசிரியர்.

அவருடைய முறை வந்தபோது நானே பேச்சுக் கொடுத்தேன். “கொப்பியெண்டால் நான் வெட்டி எழுதியிருப்பன். இதில ஆரிட்டப் போய்க் கேக்கிறது தம்பி?” என்றார். யூனில் ஐம்பத்தாறு பேரோடு வாதாடிய அதே மனிதர்.

1895இல் பிரெஞ்சுக்காரரான குஸ்தாவ் லெ பொன், மனிதன் கூட்டத்தில் சேர்ந்ததும் தன் புத்தியைத் தொலைத்து உணர்ச்சிக்கு அடிமையாகிறான் என்று எழுதினார். கூட்டத்தைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று நினைத்த பலருக்கு அந்தக் கருத்து பிறகு கைகொடுத்தது. நான் இருந்த அறையிலிருந்து பார்த்தபோது விஷயம் அவ்வளவு நேராக இருக்கவில்லை. யூனில் கத்திய கூட்டம் ஒருவரின் முகத்தை ஒருவர் பார்த்துக் கத்தியது. அந்தக் கத்தலுக்குள் நியாயம் கேட்பதும் இருந்தது, கொடுப்பதும் இருந்தது. செப்டெம்பரில் நின்றவர்கள் அமைதியானவர்கள், படித்தவர்கள், ஒழுங்கானவர்கள். ஆனால் அநியாயம் என்று தெரிந்த ஒன்று கண் முன்னால் நடந்தபோது, அவரவர் பங்கு பாதுகாப்பாக இருந்ததால், அதைக் கடந்துபோக அவர்களால் முடிந்தது. அவர்களை மட்டும் நான் ஏன் சொல்ல வேண்டும்? “ஒண்டும் செய்யேலாது” என்று சொன்ன அந்தக் கணத்தில் எனக்குள் வந்த உணர்வு எனக்கு நினைவிருக்கிறது. அது வருத்தம் அல்ல, நிம்மதி. யூனில் ஒவ்வொரு லீற்றருக்கும் நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. இப்போது அந்தச் சுமையை ஒரு திரை வாங்கிக்கொண்டது.

1961இல் யேல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் தொடங்கிய பரிசோதனையில், ஆய்வாளர் தொடரச் சொல்லிக்கொண்டே இருந்ததால் 40 பேரில் 26 பேர், அடுத்த அறையில் இருப்பவருக்கு 450 வோல்ட் வரை மின்னதிர்ச்சி கொடுப்பதாக நம்பியபடியே ஆளியை அழுத்தினார்கள். அதை எங்கோ படித்தபோது, நான் அப்படிச் செய்திருக்க மாட்டேன் என்றே பல வருடங்களாக நினைத்திருந்தேன்.

நிபுணர்கள் கணக்கிட்டுச் சமூகத்தை நடத்தினால் சண்டையும் வீணும் ஒழியும் என்ற எண்ணம் புதிதல்ல. 1930களின் பெருமந்த காலத்தில் ஹவார்ட் ஸ்கொட் என்பவரின் தலைமையில் அமெரிக்காவில் ‘டெக்னோகிரசி’ என்ற இயக்கமே எழுந்தது. அரசியல்வாதிகளுக்குப் பதிலாகப் பொறியியலாளர்கள் நாட்டை நடத்த வேண்டும், பணத்துக்குப் பதிலாக ஒவ்வொருவருக்கும் பிறருக்கு மாற்ற முடியாத ‘எரிசக்திச் சான்றிதழ்’ வழங்கப்பட வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். மக்கள் கையில் காசு இல்லாதிருந்த காலம் அது. ஆயிரக்கணக்கானோர் அதை விரும்பிச் சேர்ந்தார்கள். இதைப் பிற்பாடு அறிந்தபோது எங்கள் வாசலில் ஒட்டியிருந்த பங்கீட்டு அட்டவணைதான் என் கண்ணில் நின்றது. பஞ்சம் வந்தால் கணக்கை மேலிருந்து எவரும் திணிக்கத் தேவையில்லை, களைத்துப்போன மக்களே அதைக் கேட்டு வாங்குகிறார்கள். நானும் கேட்டேன்.

கொழும்பில் வாழும் தமிழனுக்குப் பட்டியல் என்ற சொல் வெறும் நிர்வாகச் சொல்லாக ஒருபோதும் இருந்ததில்லை. 1983 யூலையில் தமிழரைத் தாக்க வீடு வீடாக வந்தவர்கள் கையில் வாக்காளர் பட்டியலை வைத்திருந்தார்கள். வெறிபிடித்த கூட்டமும் ஒழுங்காக அச்சிடப்பட்ட அரசாங்கப் பதிவும் ஒரே கையில் சேர்ந்த நாட்கள் அவை. யுத்த காலத்தில் பொலிஸ் பதிவுத் துண்டு இல்லாமல் வெள்ளவத்தையில் ஓர் இரவு தங்குவதற்குப் பயந்தோம். 2007 யூன் 7ஆம் திகதி கொழும்பு விடுதிகளிலிருந்த 376 தமிழர்களைப் பேருந்துகளில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. இந்த நினைவுகள் எல்லாம் இருந்தும், எரிபொருள் அட்டைக்கு என் இலக்கங்களை நிரப்பியபோது என் விரல் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை என்பது இப்போது என்னை உறுத்துகிறது.

2023இல் அஸ்வெசும நலன்புரித் திட்டத்துக்கு 22 குறிகாட்டிகளைக் கொண்டு வறுமையை அளந்தார்கள். மின்சாரப் பாவனையும் அவற்றுள் ஒன்று. யூன் மாதத்தில் பெயர்ப்பட்டியல் வெளிவந்தபோது நாட்டின் பல பாகங்களில் மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். ஏற்கெனவே இருந்த சமுர்த்தி உதவி கிடைத்துக்கொண்டிருந்த பலருடைய பெயர்கள் அதில் இல்லை. அவுஸ்திரேலியாவில் 2016 முதல் நடந்தது இன்னும் கொடிது. அரச உதவிப்பணம் பெற்ற ஒருவரின் ஆண்டு வருமானத்தை 26 இரு வாரங்களாகச் சமமாகப் பிரித்து, அந்தச் சராசரியை வைத்து, நீங்கள் அரசுக்குக் கடன்காரர் என்று இயந்திரம் கடிதம் அனுப்பியது. ஒரு கிழமை வேலையும் மறுகிழமை சும்மாவும் இருக்கிற கூலிக்காரனுக்குச் சராசரியால் என்ன பயன்? அது சட்டத்துக்கு மாறானது என்பதை அந்த அரசு ஏற்பதற்கு மூன்று வருடங்களுக்கு மேல் பிடித்தது.

எண்களை நான் வெறுக்கவில்லை. எண்களோடு வாழ்ந்தே என் தலை நரைத்தது. 2011ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சையில் பழைய பாடத்திட்டத்தாரையும் புதிய பாடத்திட்டத்தாரையும் ஒன்றாகப் போட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளியைக் கணித்தபோது, அது பிழை என்று மாணவர்களும் பெற்றோரும் கூச்சல் போட்டார்கள். 2012இல் உயர் நீதிமன்றம் அந்தக் கணிப்பைத் தள்ளிவைத்து வேறாகக் கணிக்கச் சொன்னது. நிபுணர்களின் கணக்கை அன்று திருத்தியது உணர்ச்சிவசப்பட்டது என்று சொல்லப்படும் அதே கூட்டம்தான். கேட்பதற்கு ஓரிடமும் மாற்றுவதற்கு ஒரு கையும் இருந்தன. எங்கள் பம்ப் மேடையில் அவை இருக்கவில்லை. காரணத்தை எழுதிக் கையொப்பமிட்டு ஒரேயொரு லீற்றர் கொடுக்கும் அதிகாரம் ஒவ்வொரு செட்டிலும் ஒருவருக்கு இருந்திருந்தால், அந்த மனிதர் வண்டியைத் தள்ளியிருக்க மாட்டார். அந்த அதிகாரத்தில் களவும் நடக்கும்தான், அதைத் தணிக்கை செய்து பிடிக்கலாம். இப்போது கைரேகையும் கருவிழியும் பதியும் தனித்துவ டிஜிட்டல் அடையாள அட்டை பற்றிப் பேசும்போதெல்லாம், அது எவ்வளவு விரைவாக வேலை செய்யும் என்பதையே எல்லோரும் கேட்கிறார்கள். பிழையாக மறுக்கப்பட்டவர் அன்று மாலையே யாரிடம் போவார் என்பதை நான் ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அந்த ஓட்டோக்காரர் பத்து நாள் கழித்துப் புதிய குறியீட்டோடு வந்தார். எங்களோடு கோபிக்கவில்லை. இம்முறை தாளை ஒட்டாமல் சேர்ட் பொக்கற்றுக்குள் மடித்து வைத்திருந்தார்.

2023 செப்டெம்பர் 1ஆம் திகதி கியூ.ஆர். முறை நிறுத்தப்பட்டது. அன்று காலை ஏழு மணிக்கு வந்த முதல் மோட்டார் சைக்கிள்காரர் வழக்கம்போலக் கைத்தொலைபேசியை நீட்டினார். “இனித் தேவையில்லை ஐயா” என்றான் பொடியன். அவர் கையில் இரண்டு ஆயிரம் ரூபா நோட்டுகள் இருந்தன. அவற்றையும் பம்பையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “அப்ப நான் எவ்வளவு அடிக்கலாம்?” என்று கேட்டார். பொடியன் என் பக்கம் திரும்பினான். நான் பதில் சொல்வதற்கு முன், என் கண்கள் திரையைத் தேடிப் போய்விட்டன.