மின்கடத்தும் கண்ணாடியை ஆசிடிலும் காரத்திலும் சோதித்தபோது

எம்.எஸ்சி. புராஜெக்டுக்கு மின்சாரம் கடத்தும் கண்ணாடி தேவைப்பட்டது. நீரைப் பிளந்து ஹைட்ரஜன் எடுக்கும் கேட்டலிஸ்ட்டை, அதாவது வினையூக்கியை, அதன்மேல் பூச வேண்டும், வெளிச்சமும் ஊடுருவ வேண்டும். விற்பவர் அனுப்பிய தாளில் எல்லா வகைக்கும் 'ரசாயனங்களைத் தாங்கும்' என்று ஒரே வரி. எந்தக் கரைசலில், எத்தனை வோல்ட்டில் என்று ஒரு சொல் கிடையாது. சரி, நாமே பார்த்துவிடலாம் என்று இறங்கினோம்.

எடுத்தது மூன்று வகை: இண்டியம் ஆக்சைடில் டின் (வெள்ளீயம்) கலந்த ஐடிஓ, டின் ஆக்சைடில் ஃப்ளோரின் கலந்த எஃப்டிஓ, துத்தநாக ஆக்சைடில் அலுமினியம் கலந்த ஏஇசட்ஓ. பார்வைக்கு மூன்றும் வெறும் கண்ணாடித் துண்டுகள்தான். பூச்சு எந்தப் பக்கம் என்பதை மல்டிமீட்டர் வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். சோப்புத் தண்ணீர், டி.ஐ. வாட்டர் (அயனி நீக்கிய தண்ணீர்), அசிட்டோன், ஐசோப்ரொப்பனால் என்று வரிசையாக, ஒலி அதிர்வால் அழுக்கு நீக்கும் சோனிகேட்டரில் கழுவி, முதலில் மின்தடையைக் குறித்துக்கொண்டோம். அது இல்லாமல் பிறகு ஒப்பிட எதுவும் இருக்காது.

கரைசல் தயாரிப்பதில்தான் எங்கள் லேப் இருக்கும் புதுச்சேரி காலாப்பட்டு தன் குணத்தைக் காட்டியது. கடல் கூப்பிடு தூரத்தில். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வில்லையைத் தராசில் வைத்தால் எண் நிற்பதற்குள் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுத்துவிடும்; எடை ஏறிக்கொண்டே போகும். அதனால் உத்தேசமாக 1 மோலார் கலந்து, ஆசிடால் டைட்ரேட் செய்து உண்மையான செறிவை எழுதிக்கொண்டோம். ஆசிட் பக்கம் 0.5 மோலார் சல்ஃப்யூரிக்.

வெறுமனே ஊறவைத்ததில் ஏஇசட்ஓ முதலிலேயே வெளியேறியது. துத்தநாக ஆக்சைடு ஆசிடிலும் கரையும், காரத்திலும் கரையும். ஆசிடில் சட்டென்று போனது. காரத்தில் கொஞ்சம் இழுத்தடித்தது. மற்ற இரண்டும் அசையவில்லை. இத்தோடு நிறுத்தியிருந்தால் அந்தத் தாளில் இருந்தது சரிதான் என்றே நினைத்திருப்போம்.

அப்புறம், வேண்டிய வோல்ட்டை நிறுத்திக் கரண்ட்டை அளக்கும் பொட்டென்ஷியோஸ்டாட்டில் மாட்டினோம். ஆக்சிஜன் வரும் பக்கம், அதாவது பாசிட்டிவ் திசையில், எஃப்டிஓ இரண்டு கரைசலிலும் கலங்காமல் நின்றது. ஹைட்ரஜன் வரும் நெகட்டிவ் பக்கம் திருப்பியதும் ஐடிஓ பழுப்பேறியது, எஃப்டிஓ சாம்பல் நிறமானது. மின்தடை பல மடங்கு எகிறியது. ஆக்சைடு ஒடுக்கமடைந்து உலோகமாக மாறுகிறது. எங்கள் லேப் அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "எஃப்டிஓல பேட்டர்ன் எடுக்க ஜிங்க் பவுடர் தூவி ஹெச்சிஎல் ஊத்துவோம்ல, அதையேதான் நீ கரண்ட் குடுத்துப் பண்ற" என்றார். பேட்டர்ன் என்றால் வேண்டாத இடத்தில் பூச்சை அரித்தெடுப்பது. வெறும் ஹெச்சிஎல்லுக்கு (ஹைட்ரோகுளோரிக் ஆசிட்) எஃப்டிஓ மசியாது. ஜிங்க் சேர்ந்தால்தான் டின் ஆக்சைடு டின்னாகிக் கழன்று வரும். அவர் சொன்ன பிறகுதான் முழுப் படமும் பிடிபட்டது.

கணக்கும் அதையே சொல்கிறது. பி.எச். பூஜ்யத்தில் ஹைட்ரஜனுக்கு 0 வோல்ட் என்றால், டின் ஆக்சைடு டின்னாவது சுமார் -0.12, இண்டியம் ஆக்சைடு உலோகமாவது சுமார் -0.19. ஹைட்ரஜன் குமிழி தாராளமாக வர இதைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கும். ஆசிட் வேண்டாம், காரத்துக்கு ஓடலாம் என்றாலும் பயனில்லை, பி.எச். ஒன்று கூடினால் மூன்று மதிப்புகளும் ஏறக்குறைய 0.059 வோல்ட் சேர்ந்தே இறங்கும்.

காரத்தில் செய்பவர்களுக்கு ஒன்று: வோல்ட்டை ஒப்பிட்டு அளக்க வைக்கும் சில்வர் குளோரைடு ரெஃபரன்ஸ் எலக்ட்ரோடை அதில் நெடுநேரம் விடாதீர்கள். ஹைட்ராக்சைடு உள்ளே கசிந்து அளவு நகரும். மெர்க்குரி ஆக்சைடு ரெஃபரன்ஸ்தான் தோது. எதிர் எலக்ட்ரோடாக பிளாட்டினம் வைத்தால் அது கரைந்து நம் துண்டின்மேல் படிந்து, கேட்டலிஸ்ட் பிரமாதம் என்று பொய் சொல்லும்; நாங்கள் கிராஃபைட் கம்பி வைத்தோம். முதலைக் கிளிப் கரைசலுக்கு மேலேயே இருக்கட்டும். இங்குள்ள உப்புக் காற்றில் சும்மா இருக்கும்போதே அது பச்சை பூக்கிறது.

கடைசியில் ஹைட்ரஜன் பக்கத்தை விட்டுவிட்டு, ஆக்சிஜன் பக்கக் கேட்டலிஸ்ட்டுக்கு எஃப்டிஓ, காரக் கரைசல் என்று புராஜெக்டையே திருப்பிக்கொண்டோம். மிஞ்சிய ஏஇசட்ஓ துண்டுகள் சோலார் செல் செய்யும் பக்கத்து லேபுக்குப் போயின. அங்கே அவற்றின்மேல் தண்ணீரே படாது.