கரண்ட் போவதற்கு முன்பே: சிறப்புக் குழந்தை உள்ள வீட்டின் அவசரகாலத் தயாரிப்பு

டார்ச், மெழுகுவத்தி, பிஸ்கட் என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லப்படும் அவசரகாலப் பையை வைத்துக்கொண்டு, சிறப்புக் குழந்தை இருக்கும் வீட்டில் ஓர் இரவைக்கூடக் கடத்த முடியாது. அதனால் பையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, முதலில் ஒரு தாளை எடுத்தோம். காலை எழுந்தது முதல் மறுநாள் காலை வரை குழந்தையின் வயிற்றுக்குள் போவது, உடம்பில் மாட்டுவது, பிளக்கில் செருகுவது எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதினோம். பிறகு ஒவ்வொரு வரிக்கும் எதிரே மூன்று கேள்விகள்: கரண்ட் இல்லாவிட்டால்? தண்ணீர் இல்லாவிட்டால்? வழக்கமாக இதைச் செய்கிறவர் வீட்டில் இல்லாவிட்டால்? பதில் எழுத முடியாத வரிகள்தான் வாங்க வேண்டிய பட்டியல்.

மின்சாரக் கணக்கை உத்தேசமாகப் போடவே கூடாது. நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கருவி) சுமார் 350 வாட் இழுக்கும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-அவர் பேட்டரியில் ஏட்டுக்கணக்கில் 1,800 வாட்-அவர் உண்டு. ஆனால் லெட் ஆசிட் பேட்டரியை அடிக்கடி பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும்; இன்வெர்ட்டரிலும் கொஞ்சம் வீணாகும். நம்பிக் கணக்கு வைக்கக்கூடியது 2 மணி நேரம்தான், பழைய பேட்டரி என்றால் அதுவும் கிடையாது. ஆகவே ஆக்சிஜன் சிலிண்டர் கட்டாயம் வேண்டும். 10 லிட்டர் கொள்ளளவு சிலிண்டரில் அழுத்தி முழுதாக நிரப்பினால் ஏறக்குறைய 1,500 லிட்டர் ஆக்சிஜன் இருக்கும். நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் 12 மணி நேரம் வரும். ரெகுலேட்டரையும் திறக்கும் சாவியையும் சிலிண்டரோடேயே கட்டி வையுங்கள். இருட்டில் முதலில் தொலைவது அந்தச் சாவிதான். ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் அதை வீட்டுக்கு வெளியே, ஜன்னல்களிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி ஓட்ட வேண்டும். அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு வாசனை காட்டாமலே உயிரை எடுத்துவிடும்.

மற்றக் கருவிகளுக்கு மாற்று எளிது. சளியை உறிஞ்சி எடுக்கும் சக்‌ஷன் மெஷினுக்குப் பதில் கையால் அல்லது காலால் இயக்கும் பம்ப். மருந்தை மூச்சில் இழுக்கும் சாரலாக மாற்றும் நெபுலைசருக்குப் பதில் ஸ்பேசரோடு (இன்ஹேலரில் மாட்டும் குழாய் போன்ற கூடு) இன்ஹேலர். அளவை மருத்துவர் முன்பே எழுதித் தந்திருக்க வேண்டும். குழாய் வழியே உணவு செலுத்தும் ஃபீடிங் பம்புக்குப் பதில் 60 மி.லி. சிரிஞ்ச். தொண்டையில் ட்ரக்கியாஸ்டமி குழாய் (கழுத்தில் துளையிட்டு மூச்சுக்காக வைப்பது) உள்ள குழந்தைக்கு அதே அளவில் ஒன்றும், ஒரு அளவு சிறியதாக ஒன்றும் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். வெளியே வந்துவிட்ட குழாய் மறுபடி நுழைய மறுக்கும்போது சிறியதுதான் காப்பாற்றும்.

மருந்தில் சிக்கல் வேறு மாதிரி. மருந்துச்சீட்டு பெரும்பாலும் 30 நாளுக்குத்தான் இருக்கும். கூடுதலாக 14 நாள் இருப்பு வேண்டும் என்று மருத்துவரிடம் காரணம் சொல்லிக் கேட்டு எழுதி வாங்குங்கள். புதிதாக வாங்கியது பின்னால், பழையது முன்னால் என்று அடுக்கினால் எதுவும் காலாவதியாகாது. வலிப்பு மருந்து திடீரென்று நின்றால் நிற்காத வலிப்பில் கொண்டுபோய் விடலாம் என்பதால் பையில் முதலில் போக வேண்டியது அதுதான். 5 நிமிடம் தாண்டும் வலிப்பு அவசரநிலை; வலிப்பை நிறுத்தும் மிடாசோலம் மூக்கு ஸ்பிரே எழுதித் தரப்பட்டிருந்தால் அதைக் கொடுக்கும் முறை வீட்டில் குறைந்தது இரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும். இன்சுலினை ஐஸ் மேல் நேரடியாக வைக்காதீர்கள். உறைந்துபோனதைத் தூக்கி எறியத்தான் வேண்டும்.

குழந்தையைப் பற்றிய தாள் ஒரே பக்கம் இருக்கட்டும். நோயின் பெயர், மருந்துகளின் பொதுப்பெயரும் அளவும், ஒவ்வாமை, தேதியோடு எடை. குழந்தைக்கு மருந்து எடையை வைத்தே கணக்கிடப்படுவதால் எடை இல்லாத தாள் அரைகுறைதான். வலித்தால் எப்படிக் காட்டுவான், எதைச் செய்தால் அமைதியாவான், எங்கே தொட்டால் பதறுவான் என்பதையும் எழுதுங்கள். அறிமுகமில்லாத செவிலியருக்கு இந்த மூன்று வரிகள் தரும் உதவி பெரிது.

ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலருக்குச் சைரனும் கூட்டமும் பெரிய ஆபத்து, பயத்தில் ஓடிவிடக்கூடும். சத்தம் தடுக்கும் இயர்மஃப், வழக்கமாகச் சாப்பிடும் உணவு, பேசுவதற்குப் பயன்படுத்தும் டேப்லெட் கணினியின் படங்களை அச்சிட்டு லேமினேட் செய்த அட்டை மூன்றும் பையில் இருக்கட்டும். அடையாளப் பட்டையைக் கையில் கட்டினால் சிலர் கழற்றி எறிவார்கள். சட்டையின் முதுகுப்புற உள்பக்கத்தில் தைத்தால் நிற்கும்.

இவ்வளவும் முடிந்ததும் ஓர் இரவு மெயின் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். கருவியால் சுவாசிக்கும் குழந்தை என்றால் மருத்துவரைக் கேட்காமல் அந்தக் கருவியின் மின்சாரத்தை நிறுத்த வேண்டாம். மற்றதை மட்டும் நிறுத்துங்கள். டார்ச் பிடிக்க ஒரு கை போய்விடுவதால் தலையில் மாட்டும் விளக்கு தேவை என்பது அப்போது தெரியும். பேட்டரி சக்கர நாற்காலிகளில் சிலவற்றின் எடை 100 கிலோவைக்கூடத் தாண்டும், அவற்றைப் படிக்கட்டில் தூக்க முடியாது. தீ விபத்தில் லிஃப்டையும் பயன்படுத்தக் கூடாது. குழந்தையை இருவர் சேர்ந்து தூக்கி இறக்குவதைப் பகலில் பழகி, கீழே மடக்கு நாற்காலி ஒன்றை வைத்துவிட வேண்டும்.

6 மாதத்துக்கு ஒருமுறை பையைப் பிரித்துப் பாருங்கள். குழந்தை வளர்ந்திருக்கும், மாஸ்க், டயப்பர், குழாய், மருந்தளவு நான்கும் மாறியிருக்கலாம்.