ஊசியில் இருப்பது மருந்தா, உப்புத்தண்ணீரா

நேற்று ஐந்தாவது ஊசி. தொப்புளிலிருந்து நாலு விரல் தள்ளி, தோலைக் கிள்ளிப் பிடித்துப் போட்டார்கள். எறும்புக் கடி அளவுதான் வலி. என்ன போட்டார்கள் என்பது எனக்கும் தெரியாது, போட்ட நர்ஸுக்கும் தெரியாது. நான் சேர்ந்திருக்கும் புது மருந்துச் சோதனையின் விதியே அதுதான்: சிலருக்கு மருந்து, சிலருக்கு வெறும் உப்புத்தண்ணீர்.

மூன்று வருடமாக எனக்கு மயஸ்தீனியா கிராவிஸ். கேட்பவர்களிடம் "நரம்பு சொல்றதைத் தசை கேட்க மாட்டேங்குது" என்று முடித்துக்கொள்வேன், அதற்கு மேல் விளக்கினால் சிங்கப்பூர் தேக்கா சந்தையில் கறிவேப்பிலை வாங்க வந்த ஆன்ட்டி நழுவிவிடுவார். நரம்பு அனுப்பும் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தை வாங்கிக்கொள்ள தசையில் ஏற்பி என்று ஒரு இடம் உண்டு, அந்த இடத்தை என் உடம்பே செய்த ஆன்டிபாடிகள் அடைத்து அழிக்கின்றன, விஷயம் இவ்வளவுதான். காலையில் நன்றாக இருப்பேன், மாலை எம்ஆர்டி ரயிலில் இமை சரிந்து, குடித்துவிட்டு வருகிறவள் மாதிரி தெரிவேன். மெஸ்டினான் மாத்திரை சில மணி நேரம் தாங்கும்.

இந்தப் புது ஊசி வேறு வழியில் போகிறது. எஃப்சிஆர்என் என்ற புரதம், அழியப்போகும் ஐஜிஜி வகை ஆன்டிபாடிகளை, என்னைப் படுத்துபவையும் அந்த வகைதான், பிடித்து மறுபடி ரத்தத்தில் விட்டுவிடும், ஏதோ ரீசைக்கிளிங் தொட்டி மாதிரி. ஊசி அதை மறித்துவிட்டால் அவை சீக்கிரம் அழிந்துபோகும். ஆனால் கெட்டதோடு, கிருமியோடு சண்டை போடும் நல்லதும் குறையும், அதனால் லேசாகக் காய்ச்சல் அடித்தால்கூட உடனே போன் பண்ணச் சொல்லியிருக்கிறார்கள்.

இதே வகையைச் சேர்ந்த எஃப்கார்டிஜிமோட் மருந்துக்கு அமெரிக்கா 2021 டிசம்பரில் அனுமதி கொடுத்தது. அதற்கு முன் 167 பேரிடம் சோதித்தார்கள். என்னைப்போல அசிட்டைல்கோலின் ஏற்பிக்கு எதிரான ஆன்டிபாடி இருந்தவர்களில், மருந்து போனவர்களில் சுமார் 68 விழுக்காட்டினர் தேறினார்கள். வெறும் ஊசி போனவர்களில்? சுமார் 30. அந்த 30தான் என்னைத் தூங்கவிடவில்லை. மருந்தே இல்லாமல் பத்துக்கு மூன்று பேர் தேறியிருக்கிறார்கள் என்றால், போன வாரம் பிராட்டாவை நடுவில் தாடையைக் கையால் தாங்காமல் மென்று முடித்தேனே, அது எதில் சேர்த்தி? அம்மா வீரமாகாளியம்மன் கோயிலில் அர்ச்சனை செய்ததும் அதே வாரம்தான். அவருக்குச் சந்தேகமே இல்லை.

ஒவ்வொரு முறையும் எட்டு கேள்விகள். பேச்சு, மெல்லுதல், விழுங்குதல், மூச்சு, பல் துலக்குவது அல்லது தலை வாருவது, நாற்காலியிலிருந்து எழுவது, இரட்டையாகத் தெரிவது, இமை சரிவது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 24, எண் கூடினால் நிலைமை மோசம். இதில் ஒரு வெட்கக்கேடு என்னவென்றால், நல்லபிள்ளை பேர் வாங்கக் குறைத்துச் சொல்ல நாக்கு துடிக்கும், பள்ளிக்கூடத்தில் மார்க் கூட்டிக் கேட்ட அதே புத்தி.

நேற்று தலைவாரல் கேள்வி வந்தபோது பெருமையாகச் சொன்னேன், இரண்டு மாதமாக அம்மாதான் பின்னிவிடுகிறார், இன்று நானே பின்னிக்கொண்டேன் என்று. தமிழ் நர்ஸ்தான், ஒரு பார்வை பார்த்தார்.

"நடுவுல கையை இறக்குனீங்களா அக்கா?"

"ஒரே ஒரு தடவை. சுவத்துல சாஞ்சு."

"அப்போ 2" என்று எழுதிக்கொண்டார். போன வாரம் 3.